மஞ்சள் நீரும் நீதிமன்ற முத்திரையும்

ரெய்னர்ஸ் லேனில் வாழும் எம்மவர் குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளைகள் "அப்பா" என்று அழைப்பவர் அவர்களைப் பெற்றவர் அல்லர். பெற்றவர் போரிலே மாண்டார். அல்லது காணாமற் போனார். தாய் மறுமணம் செய்தார். புதிய கணவரே பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்கிறார். காய்ச்சலென்றால் இரவிரவாக விழித்திருக்கிறார். ஆயினும் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் கேட்கும்போது, சட்டத்தின் கண்ணில் அவர் யார் என்ற வினா எழுகிறது. அதன் பின்னால் இரு நாடுகளின் வரலாறு கிடக்கிறது.

முதலில் எமது ஊர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநரின் கட்டளைப்படி எமது வழக்காறுகளைத் தொகுத்தார். 1707 ஆம் ஆண்டளவில் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர்.

அதிலே மகவேற்பு உண்டு. பிள்ளையைச் சுவீகரிப்போர், தமது சொத்துக்கு உரித்தாளராகக்கூடிய உறவினரின் சம்மதத்தைப் பெற்று, சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்துவர். மறுமணமும் அதில் இடம்பெறுகிறது. மனைவியை இழந்தவன் மீண்டும் மணம் முடித்தால், சிறு பிள்ளைகளைத் தாயின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்பர். அவன் மனைவியின் சீதனம் முழுவதையும், தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு ஒப்படைக்க வேண்டும். எம் முன்னோரின் கவலை பெரும்பாலும் காணி, நகை பற்றியதே. பிள்ளையைப் பார்க்கத்தான் சுற்றம் இருந்ததே! இலங்கையில் மகவேற்பு நீதிமன்றத்தின் கைக்குச் சென்றது 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால்.

இங்கிலாந்திலோ 1926 வரை மகவேற்புக்குச் சட்டமே இருக்கவில்லை. சட்டம் வந்த பின்பும் ஒரு விசித்திரம் நீடித்தது. மனைவியின் முன்னைய பிள்ளையைச் சுவீகரிக்க விரும்பியவர், மனைவியோடு சேர்ந்தே விண்ணப்பிப்பது வழக்கமாயிற்று. பத்து மாதம் சுமந்து பெற்றவள், தன் பிள்ளைக்கே சுவீகாரத் தாயானாள்! அத்தோடு பெற்ற தந்தையின் உறவு சட்டத்தில் முற்றாக அறுந்தது. அவர் வழிப் பாட்டனும் பாட்டியும் அந்நியராயினர். 1972 இல் ஹூட்டன் குழு இதனைக் குறை கூறியது. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 1991 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்து, "பெற்றோர் பொறுப்பு" என்ற கருத்தை நிலைநாட்டியது.

எமது குடும்பங்களுக்கு முக்கியமான மாற்றம் 2005 டிசம்பர் 30 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் தாய் தாயாகவே இருக்க, கணவர் மட்டும் சுவீகரிக்கலாம். சுவீகாரமே இன்றி, ஓர் ஒப்பந்தத்தாலோ நீதிமன்றக் கட்டளையாலோ அவர் பெற்றோர் பொறுப்பைப் பெறவும் வழி திறந்தது. இவ்விரண்டாம் வழியையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அதிலே பெற்ற தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் அப்படியே நிற்கும். வளர்ப்பவருக்கும் கையொப்பமிடும் உரிமை கிட்டும். இறந்தவரை இரண்டாம் முறை இழக்க வேண்டியதில்லை. ஆனால் தாயும் அவரும் சட்டப்படி மணந்திருக்க வேண்டும். கோவிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாதோருக்கு இவ்வழி இல்லை. எம்மவரில் பலர் இதனை அறியார்.

தந்தை இறந்திருப்பின் ஒப்பந்தத்துக்குத் தாயின் சம்மதம் போதும். காணாமற் போயிருப்பின்? தாயை மணந்திருந்த அவருக்கும் பெற்றோர் பொறுப்பு உண்டு. அவர் சம்மதம் இன்றி ஒப்பந்தம் செய்ய இயலாது. நீதிமன்றக் கட்டளையே வழி. இலங்கையில் 2010 ஆம் ஆண்டின் சட்டம் காணாமற் போனோரின் மரணத்தைப் பதிய இடமளித்தது. உடலைக் காணாமல் மரணப் பத்திரம் பெறுவதா என்று பல தாய்மார் மறுத்தனர். 2016 இல் வந்த திருத்தம், மரணம் என்று சொல்லாமல், காணாமற் போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி செய்தது. அப்பத்திரத்தைப் பெற்று வைத்திருக்கும் தாய்மார், சட்டத்தரணியிடம் செல்லும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடும் பதிவுத் திருமணச் சான்றிதழோடும் அதனையும், ஆங்கில மொழிபெயர்ப்புடன், எடுத்துச் செல்வது நன்று.