அச்சத்தின் இருப்பிடம் தேடி: மன அழுத்த ஆய்வின் நூற்றாண்டுப் பாதை

ஆபத்தைக் கண் காண்கிறது, மூளையின் அமிக்டலா விழித்துக்கொள்கிறது, ஹைபோதலாமஸ் ஆணையிடுகிறது, அட்ரினல் சுரப்பி தன் ஹார்மோனைக் குருதியில் கலக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பதற்றம் பற்றிய அறிமுகங்களில் பெரும்பாலும் இந்த வரிசையே இடம்பெறுகிறது. மேலிருந்து கீழே இறங்கும் இவ்வரிசை கண்டறியப்பட்டதோ கீழிருந்து மேலாக. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த சுரப்பியில் தொடங்கிய தேடல் அமிக்டலாவை எட்ட ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. இடையில் வந்த சில ஆய்வுகள் அந்த நேர்கோட்டையே வளைத்துவிட்டன. அவற்றுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அட்ரினல் சுரப்பியின் சாறு குருதியழுத்தத்தைச் சட்டென உயர்த்துவதை 1894-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் கண்டனர். 1901-இல் ஜோகிச்சி தகாமினே அட்ரினலினைப் பிரித்தெடுத்தார். ஆனால் அந்தச் சுரப்பியை இயல்பு வாழ்வில் எது தூண்டுகிறது? இக்கேள்வியை உணர்ச்சியோடு இணைத்தவர் ஹார்வர்டின் வால்டர் கேனன். செரிமானத்தை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்தபோதே, கலவரமடைந்த பூனையின் இரைப்பை அசைவு நின்றுவிடுவதை அவர் கவனித்திருந்தார். 1911-இல் தே லா பாஸுடன் சேர்ந்து, குரைக்கும் நாயின் முன் பூனையை வைத்து, முன்னும் பின்னும் அதன் குருதியை எடுத்தார். தாளமாகச் சுருங்கி விரியும் குடல் தசைத் துண்டு அமைதியான பூனையின் குருதியில் தொடர்ந்து இயங்கியது. மிரண்ட பூனையின் குருதி பட்டதும் தளர்ந்து நின்றது. அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனையில் இந்த விளைவு இல்லை. அச்சம் குருதியில் தடம் விடுகிறது என்பதை இத்தனை எளிய கருவியால் காட்டியது வியக்கத்தக்கது. எதிர்த்துப் போராடவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாவதே இந்த மாற்றங்களின் பயன் என்று 1915-இல் வெளியான நூலில் அவர் விளக்கினார்.

உடல் நடுங்குவதை உணர்வதே அச்சம் என்று வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் முன்வைத்த கருத்தைக் கேனன் 1927-இல் கடுமையாக மறுத்தார். அச்சத்திலும் சினத்திலும் உள்ளுறுப்புகள் ஒரே மாதிரிதான் மாறுகின்றன. அப்படியிருக்க, அவற்றிலிருந்து வெவ்வேறு உணர்ச்சிகள் எப்படிப் பிறக்கும் என்பது அவர் கேள்வி. அதன்பின் உடல் வெறும் ஏவலாளாகவே பார்க்கப்படலாயிற்று.

மான்ட்ரியலில் ஹான்ஸ் செலியே புதிய பாலின ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளைச் செலுத்திவந்தார். எதைச் செலுத்தினாலும் அட்ரினல் புறணி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு ஆகியவையும் இதே விளைவைத் தந்தன. எந்தத் தாக்குதலுக்கும் உடலின் பொதுவான மறுமொழி ஒன்றே என்று 1936-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதினார். அட்ரினல் புறணியைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியை ஹைபோதலாமஸ் ஆள்வதை ஜெஃப்ரி ஹாரிஸ் நிறுவ, அந்த ஆணையைச் சுமக்கும், 41 அமினோ அமிலங்கள் கொண்ட மூலக்கூறை 1981-இல் வைலி வேல் குழு அடையாளம் கண்டது. சங்கிலி முழுமையடைந்தது போலத் தோன்றியது.

ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் ஜான் மேசன் அடிப்படையான ஐயத்தை எழுப்பியிருந்தார். குரங்குகளைத் திடீரெனப் பட்டினி போட்டால் அட்ரினல் புறணியின் ஹார்மோனான கார்ட்டிசால் உயரும். செலியேயின் கருத்துப்படி, பட்டினியே காரணம். மேசன் சூழலை மாற்றினார். உணவு பெறும் குரங்குகள் கண்ணில் படாதபடி செய்தார். வழக்கமான உணவைப் போன்ற தோற்றமும் சுவையும் கொண்ட, ஆனால் சத்தே இல்லாத வில்லைகளைக் கொடுத்தார். உடல் பட்டினிதான் கிடந்தது, கார்ட்டிசால் உயரவில்லை. வெப்பத்தை மெல்ல மெல்லக் கூட்டியபோதும் அப்படியே. புறத் தாக்குதலை உடல் நேரடியாக அளப்பதில்லை; புதுமை, ஏமாற்றம், கையறுநிலை என மூளை அதற்குத் தரும் பொருளே சுரப்பியை எட்டுகிறது என்று 1971-இல் அவர் வாதிட்டார். என் பார்வையில், இந்த வரலாற்றின் முதன்மையான திருப்பம் இதுவே. செலியேயின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட மேசனுக்குக் கிட்டாதது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது வளைவும் அதே காலத்தில் நேர்ந்தது. அட்ரினல் புறணியின் ஹார்மோன் எலி மூளைக்குள் சென்று, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸில் தங்குவதை 1968-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்கீவன் காட்டினார். ஆணை பெறும் சுரப்பி, ஆணையிடும் மூளையை மாற்றவும் செய்கிறது. நீடித்த அழுத்தத்தில் எலியின் ஹிப்போகாம்பஸ் நரம்புக் கிளைகள் குறுகுவதைப் பின்னர் அவர் குழு கண்டது. காலப்போக்கில் சேரும் இத்தகைய தேய்மானத்துக்கு 1993-இல் எலியட் ஸ்டெல்லருடன் சேர்ந்து அவர் ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார்.

அமிக்டலாவின் கதை 1980-களில் ஜோசப் லெடூவின் எலி ஆய்வுகளால் பரவலானது. அது ‘அச்ச மையம்’ என்ற எண்ணமும் வேரூன்றியது. அரிய மரபுநோயால் இரு பக்க அமிக்டலாவும் பழுதடைந்த மூவரை 35 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. அவர்களுள் ஒருவர் பாம்பைக் கண்டும் அஞ்சாதவர். மூவருமே பீதியில் திணறினர். வெளி உலகின் மிரட்டல் அமிக்டலா வழி வருகிறது; உடலுக்குள்ளிருந்து எழும் மிரட்டலுக்கு அந்த வாயில் தேவைப்படவில்லை. உணர்வுபூர்வமான அச்சத்தையும் ஆபத்தை இனங்காணும் நரம்புச் சுற்றையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்று லெடூவே பிற்காலத்தில் வலியுறுத்தினார்.

பீதிக் கோளாறுக்கான சிகிச்சையில், நோயாளியை வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடவும் படியேறவும் செய்து படபடப்பை வரவழைக்கும் பயிற்சி இன்று வழக்கில் உள்ளது. துடிக்கும் நெஞ்சு மாரடைப்பின் அறிகுறி அல்ல என்பதை அவர் திரும்பத் திரும்ப அனுபவத்தில் அறிகிறார். ஜேம்ஸ் சொன்ன உடலும் மேசன் சொன்ன பொருளும் அந்தப் பயிற்சியில் ஒருசேர வேலை செய்கின்றன.