பாடத்தோடு போகும் நாயனம்

குத்தாலத்தில் கும்பகோணம் போகும் ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் நரசிங்கம்பேட்டை வந்துவிடும். நாதஸ்வரம், பேச்சுவழக்கில் நாயனம், கடையும் ஊர். பக்கத்திலேயே திருவாவடுதுறை, நாயனத்தின் மேல்முனையில் வைத்து ஊதும் சீவாளிக்குப் பேர்போனது; நாதஸ்வரக் கலைஞர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ஆதீன வித்வானாக இருந்த ஊரும் அதுதான். சொல்லிக்கொடுப்பவர், நாயனம் கடைபவர், சீவாளி கட்டுபவர் எல்லாரும் நடந்துபோகிற தூரத்தில் இருந்தார்கள். இன்று இணையத்தில் சங்கீதம் சொல்லித்தருவோர் சிலர் பாடத்தோடு வாத்தியத்தையும் கூரியரில் அனுப்புகிறார்கள். பாடமும் பொருளும் சேர்ந்தே கைமாறுவது இந்தக் காவிரிக்கரைக்குப் புதிதல்ல.

நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். அதிலும் பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் வைரம் பாய்ந்து நிற்கும். அதைக் கடைந்து, உள்ளே துளைத்து, உலவு என்னும் குழலாக ஆக்குவார்கள். விரல் வைக்க 7 துளை; கீழ்ப்பகுதியில் இன்னும் 5. இந்த ஐந்தில் மெழுகு அடைத்துத்தான் சுருதியைச் சரிபார்ப்பது. எது நல்ல நாயனம் என்று புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? குரு ஊதிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாத்தியத்தைக் குரு தேர்ந்தெடுத்தார் என்பதோடு கதை முடியவில்லை. வாத்தியமும் பாடத்தை மாற்றியது. முன்பு புழக்கத்தில் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி கூடியது; அதில் சுத்த மத்திமம் எளிதில் பிடிபடாது. ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார். சுருதி இறங்கியது, மத்திமம் சுத்தமாகப் பேசியது. துளைகளின் இடைவெளி கூடியதால் விரல் பழக்கமும், மூச்சுப் பழக்கமும் மாறின. கூடவே சுருதி கொடுக்கும் ஒத்தும் புதிதாக வேண்டியிருந்தது. கடைசல் பட்டறையில் நடந்த ஒரு வேலை, திண்ணையில் நடக்கும் பாடத்தையே திருப்பிப் போட்டது. ஆசாரிக்குப் பாட்டறிவு இல்லாமல் இது நடந்திருக்காது.

பாடத்தோடு பொருளும் போக வேண்டிய தேவை கடல் கடந்தும் இருந்தது. 1914இல் வாஷிங்டனில் தொடங்கிய நேஷனல் ரேடியோ இன்ஸ்டிடியூட், அஞ்சல்வழிப் பாடத்தோடு பிற்காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களையும் அனுப்பியது. மாணவர் வீட்டிலேயே பூட்டிப் பார்த்துக் கற்றார்.

நம் ஊருக்குத் திரும்பினால், 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ கடைந்ததை இந்த ஊர்ப் பேரில் விற்க முடியாது. பார்க்காமலே வாங்கும் தூரதேசத்து மாணவருக்கு இது பெரிய பிடிமானம்.

சீவாளி விஷயம் வேறு. நாணல் தட்டையை வேகவைத்து, காயவைத்துக் கட்டும் இந்தச் சின்னப் பொருள் ஈரத்துக்கும் வெயிலுக்கும் குணம் மாறும். அதனால்தான் வித்வான்கள் நாயனத்தின் மேல்முனையிலேயே மாற்றுச் சீவாளிகளையும், அவற்றைச் சரிசெய்யும் குச்சியையும் நூலில் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். நாயனத்தோடு ஒரே ஒரு சீவாளியை வைத்து அனுப்பினால், அது பிளந்த அன்றே பாடம் நின்றுபோகும். ஒரு கொத்தாக அனுப்ப வேண்டும். குச்சியும் கூடவே போக வேண்டும்.