வேலிக்கு உள்ளும் புறமும்: சிலாங்கூரின் தொழிற்கணக்கு

ஒரு மாநிலத்தின் தொழில்வளத்தை அளப்பதென்பது ஆலைகளை எண்ணிக் கூட்டும் வேலையன்று. எதனை ஆக்கத்தொழில் எனக் கொள்வது, எதனை வேளாண்மையின் கூறென விடுவது என்னும் வரையறையே அங்கு முதற்கண் நிற்கின்றது. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் உழைப்பை அவ்வரையறை எந்தக் கணக்கில் எழுதிற்று என்பதை ஈண்டுக் காண்போம்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துப் பெருந்தோட்டங்களில் பால்மரக்காடு இருந்தது போலவே ஆலையும் இருந்தது. வெளிக்காட்டிலிருந்து வந்த பாலை நிறுத்து, அதிலுள்ள உலர் இரப்பரின் அளவைக் கணக்கிடுவர். அது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும். பின்னர் பாலை வடிகட்டி, நீர் கலந்து, அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் தாளாக அழுத்தி, புகைக்கூடத்தில் சில நாள் உலர்த்தி, தரம் பிரித்துச் சிப்பமாகக் கட்டுவர். ஒரு பொருளை வேறொரு சரக்காக மாற்றும் இச்செயலை ஆக்கத்தொழில் என்னாது வேறு என்னென்பது?

புள்ளிவிவரம் அவ்வாறு சொல்லவில்லை. மலாயாவில் புள்ளிவிவரத் துறை 1949இல் தோன்றியது; கூட்டரசின் ஆக்கத்தொழிற் கணக்கெடுப்பு 1959ஆம் ஆண்டுக்கென எடுக்கப்பட்டது. அவ்வழிவந்த பட்டியல்களில் இரப்பர் பதப்படுத்தும் தொழிலுக்குத் 'தோட்டத்திற்கு வெளியே' என்றோர் அடைமொழி உண்டு. தனி ஆலையில் பதப்படுத்திய இரப்பர் ஆக்கத்தொழிற் கணக்கில் ஏறிற்று. தோட்டத்து ஆலையில் பதப்படுத்தியது தோட்ட வேளாண்மையோடு அடங்கிற்று. இதற்கு நியாயம் இல்லாமலில்லை. தோட்டக் கிராணியின் பேரேட்டில் பால்வெட்டுக்கும் புகைக்கூடத்திற்கும் செலவு ஒன்றாகவே கிடந்தது. அதனைப் பிரித்தெடுப்பது எளிதன்று. எனினும் விளைவு என்ன? புகையிலும் அமில நெடியிலும் நின்று உழைத்தவர்கள் ஆலைத் தொழிலாளராக அன்றி, வேளாண் கூலிகளாகவே ஏட்டில் நின்றனர். தோட்டத் தமிழர் அண்மையில்தான் தொழில்துறையைக் கண்டனர் என எழுதுவோர் பலர் இவ்வடைமொழியைக் கவனியாதவர் என்பது என் கருத்து.

அளவை முறையையும் சற்று நோக்குவோம். பால் 40 வெள்ளிக்கு விற்கிறது, அதிலிருந்து செய்த தாள் 55 வெள்ளி, தாளிலிருந்து செய்த பொருள் 100 வெள்ளி என வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி 195 என்பது பிழை. ஒரே பாலை மும்முறை எண்ணியதாகும். ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்ந்த மதிப்பை மட்டும் (40, 15, 45) கூட்ட 100 வரும். தோட்டத்து ஆலை சேர்த்த அந்த 15 வெள்ளி நாட்டுக் கணக்கில் காணாமற் போகவில்லை. வேறு தலைப்பின் கீழ் ஒளிந்துகொண்டது. மேலும், மதிப்பு எந்த மாநிலத்தில் உருவானதோ அம்மாநிலத்திற்கே அது உரியது. இலாபம் இலண்டனுக்குச் சென்றாலும் உற்பத்தி சிலாங்கூருடையதே.

மாநில எல்லையும் மாறக்கூடியது. 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரினின்று பிரிந்தது. அவ்வாண்டுக்கு முந்திய, பிந்திய சிலாங்கூர்க் கணக்குகளை இதனை அறியாது ஒப்பிடும் மாணவன் இல்லாத வீழ்ச்சிக்குக் காரணம் தேடுவான். 2023இல் மலேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் சிலாங்கூரினுடையது. கோலாலம்பூரை நீக்கிய பின்னும் இவ்வளவு! கிள்ளான் வட்டாரத்துக் கையுறை ஆலைகளும் இதற்குத் துணைநிற்கின்றன. ஆனால் மலேசியக் கையுறைத் தொழிலுக்கான பாலில் பெரும்பகுதி இன்று தாய்லாந்திலிருந்து வருகிறது.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. தமிழ்ப்பெயர் தாங்கிய அத்தோட்டத்தில்தான், பின்னாளில் பிரான்சின் கோன்கூர் பரிசு (1930) பெற்ற எழுத்தாளர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். பெயரோ தென்னை, புகழோ செம்பனையால்! செம்பனைக் குலைகளை அறுவடை செய்தவுடன் ஆலைக்கு அனுப்பியாக வேண்டுமாதலால் எண்ணெய் ஆலைகள் பல தோட்டங்களுக்குள்ளேயே அமைந்துள்ளன. ஆயினும் இன்றைய மலேசியத் தொழில் வகைப்பாட்டில் கச்சாச் செம்பனை எண்ணெய் ஆக்கம், ஆக்கத்தொழில் பிரிவின் கீழேயே வைக்கப்பட்டிருக்கிறது.