தமிழ்நாட்டில் ரசிகர் கைவினை: ஒரு வரலாற்றுப் பார்வை

கதை, சித்திரக்கதை, திரைப்படம் ஆகியவற்றின் மீது கொண்ட ஈடுபாட்டால் ரசிகர்கள் தம் கையாலேயே செய்யும் பொருள்களை ரசிகர் கைவினை எனலாம். உடை, முகமூடி, பொம்மை, ஓவியம், தோரணம், கட்டிய புத்தகம் என இதன் வடிவங்கள் பல. இது அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றே இளைஞர் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. செய்தவர்களின் பெயர்கள் குறித்து வைக்கப்படாததால் அந்த வரலாறு மறைந்து வருகிறது.

உலக அளவில் தொடக்கம்

1939 ஜூலையில் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதற்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவரும் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் எதிர்கால மனிதரைப் போல உடையணிந்து வந்தனர். இரண்டு உடைகளையும் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ். எனினும் நெடுங்காலம் அக்கர்மனின் பெயரே பெரிதாகப் பேசப்பட்டது. பாத்திரங்களைப் போல உடையணியும் இக்கலைக்குக் ‘காஸ்ப்ளே’ என்ற பெயரை 1980-களில் உருவாக்கியவர் ஜப்பானியரான நோபுயுகி தகஹாஷி.

வீட்டில் கட்டிய புத்தகங்கள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. ஓவியர் மணியம் அதற்குப் படங்கள் வரைந்தார். வாசகர்கள் வாரந்தோறும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்தார்கள். தொடர் முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, அட்டை ஒட்டி, முதுகில் தலைப்பு எழுதினார்கள். சிலர் பைண்டிங் கடைக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் நூலாக வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் ஓவியங்கள் இல்லை. ஆகவே மணியத்தின் படங்களோடு கதையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்ததில் இந்த வீட்டுப் பிரதிகளுக்கும் பங்கு உண்டு.

சிவகாசியிலிருந்து 1972-இல் ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. ‘இரும்புக்கை மாயாவி’ அதன் முதல் இதழ். அதன் வாசகர்களும் இதழ்களை இதே முறையில் கட்டிப் பாதுகாத்தனர்.

கட்டவுட்டும் பேனரும்

1957-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘வணங்காமுடி’ வெளியானபோது, சென்னை சித்ரா திரையரங்கில் சுமார் 80 அடி உயரக் கட்டவுட் வைக்கப்பட்டது. மோகன் ஆர்ட்ஸ் நிறுவனம் அதைச் செய்தது. பின்னர் கட்டவுட் தமிழகத் தெருக்களின் வழக்கமான காட்சியாயிற்று.

பேனர் வரையும் ஓவியர் முதலில் படத்தின் புகைப்படம் ஒன்றின் மீது கட்டம் போடுவார். அதே கட்டங்களைப் பெரிதாக்கித் துணியிலோ பலகையிலோ வரைந்து, முகத்தைப் பகுதி பகுதியாகத் தீட்டுவார். கன்னத்தில் இளஞ்சிவப்பு, நிழலில் பச்சையும் நீலமும் வரும். அருகில் நின்றால் வெறும் வண்ணத் தீற்றல்களாகத் தெரிவது, சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து உயிருள்ள முகமாகத் தெரியும். திரையரங்க வாசலில் சவுக்குக் கம்புகளைக் கட்டிப் பகுதிகளை ஒன்றாக நிறுத்துவார்கள்.

இது கூலிக்குச் செய்த வேலை. இதற்கு மேல் ரசிகர் மன்றத்தினர் செய்த அலங்காரம் அன்பிற்குச் செய்த வேலை. வண்ணத்தாளை வெட்டி மைதாப் பசையால் தோரணம் ஒட்டுவது, மூங்கிலில் நட்சத்திர வடிவத் தட்டி கட்டி நடுவே நடிகரின் படத்தை வைப்பது, ஆளுயர மாலை தொடுப்பது எல்லாம் அவர்களே செய்தவை. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த வடசென்னை இளைஞர்களுக்கும், தம் பெயரைப் பலர் காண எழுதி வைக்க வாய்த்த இடமாக மன்றப் பலகை இருந்தது. எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது மன்றங்களே கட்சிக்கு அடித்தளமாயின. தோரணம் கட்டப் பழகிய கைகள் தேர்தல் சின்னம் வரைந்தன.

அழிந்தது ஏன்?

படம் மாறியதும் பேனர் துணியில் வெள்ளை பூசி அடுத்த படத்தை வரைவது வழக்கம். ஆதலால் பழைய ஓவியங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. 2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் அச்சு பரவியது. ஓவியர் பலநாள் செய்ததை இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்தது. பேனர் ஓவியர் பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். திரையரங்குகளும் குறைந்தன. தண்டையார்பேட்டையில் 1967-இல் திறக்கப்பட்ட அகஸ்தியா திரையரங்கு 2020-இல் மூடப்பட்டது.

மீண்டும் கைவேலை

2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் இந்நகரின் முதல் காமிக் கான் விழா நடைபெற்றது. இத்தகைய விழாக்களுக்காக இளைஞர்கள் ஃபோம் அட்டையை வெட்டிக் கவசம் செய்கிறார்கள். தெர்மக்கோலில் ஆயுதம் செய்து வண்ணம் பூசுகிறார்கள். பாத்திரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவை. ஆனால் படத்தைப் பார்த்து அளவெடுத்துப் பெரிதாக்கும் முறை பேனர் ஓவியருக்குத் தெரிந்த முறைதான்.

முடிவுரை

மேற்கண்டவற்றுள் நீடித்து நின்றவை, வீட்டில் ஒருவர் பொறுப்பாக எடுத்து வைத்த புத்தகங்கள் மட்டுமே. பொது இடத்தில் நின்றவை பெயரின்றி மறைந்தன. இன்று செய்பவர்கள் தம் பொருளின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வைத்தால் அந்த இழப்பு தொடராது. வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் மாணவர்கள் தம் தெருவில் மன்றம் நடத்திய பெரியவர் ஒருவரையாவது கண்டு, யார் வரைந்தார், யார் கட்டினார், என்ன கூலி என்று கேட்டு எழுதலாம். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.