ஆட்டிசத்தின் 'முதல் குழந்தை' பெரியவரான கதை

ஆட்டிசத்தின் வரலாற்றைப் படிக்கப் போனால் டொனால்ட் என்ற சிறுவன் சீக்கிரமே வந்துவிடுவான். 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையில் இடம்பெற்ற 11 குழந்தைகளில் முதலாமவன் இவன்தான். நான் படித்தவற்றில் பல, அவனை அந்தக் கட்டுரையோடு விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டன. எனக்கோ அதற்கப்புறம் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களை உறுத்துகிற கேள்வியும் அதுதானே... "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

டொனால்ட் டிரிப்லெட் 1933-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பீமன் வக்கீல். அம்மா மேரி, உள்ளூர் வங்கியைத் தொடங்கிய குடும்பத்துப் பெண். டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு, நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளையை 1937-ல் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். மறு வருடமே, விடுதிக்காரர்கள் தடுத்தும் கேட்காமல், திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். அப்பா கானருக்கு 33 பக்கத்தில் ஒரு கடிதமும் எழுதினார்!

1942-ல் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊருக்குப் பத்து மைல் தள்ளியிருந்த ஒரு விவசாயத் தம்பதியிடம் பையனைத் தங்க வைத்தார்கள். எப்போது பார்த்தாலும் எதையாவது அளந்துகொண்டிருப்பான். அந்தத் தம்பதி அவனைக் கிணறு தோண்டச் சொல்லி, எத்தனை ஆழம் என்று கேட்டார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவான். உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்து வைத்தபோது, ஓர் இடம் ஒதுக்கி, அங்கே புதைத்து அடையாளம் நடச் சொன்னார்கள். 1945-ல் நேரில் போன கானர், அவன் குதிரையைத் திருப்பித் திருப்பி ஆறு நீண்ட சால்கள் உழுததைப் பார்த்து அசந்துபோனார். பையனின் பழக்கத்தை நிறுத்தப் பார்க்காமல், அதற்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு வீடு, உள்ளூர் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி. 1958-ல் பிரெஞ்சில் பட்டம். உடனே உள்ளூர் வங்கியில் கேஷியர் வேலை. ஊரே வந்துபோகிற கவுண்டர் அது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது 27 வயதில்தான். (நான் இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை, அதனால் இந்த வரி எனக்கு ஆறுதல்!) 1970-ல் அம்மா கானருக்கு எழுதியபோது, மகன் கோல்ஃபில் ஆறு கோப்பைகள் வென்றிருந்தார்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பெற்றோரும் இப்படிச் செய்யலாமே என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் கால மிசிசிப்பியில் வசதியான வெள்ளையர் குடும்பம். வங்கியும் சொந்தக்காரர்களுடையது. 1971-ல் கானர் அந்த 11 பேரையும் மறுபடி தேடிப் பார்த்தபோது, அரசு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த கொஞ்சநஞ்சத் திறமையையும் இழந்திருந்தார்கள். அவர்களில் யாருக்காவது ஒரு சோளக்காடு கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். பெற்றோர் மகன் பேரில் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி, அவர் செலவுகளுக்கு வழி செய்து வைத்திருந்தார்கள். அப்பா 1980-ல் இறந்தார், அம்மா 1985-ல். டொனால்ட் அதே வீட்டில் தனியாக வாழ்ந்தார். தன்னந்தனியாக வெளிநாடுகளைச் சுற்றி வந்தார். பின்னாளில் அவரைப் பற்றி எழுத இரண்டு பத்திரிகையாளர்கள் ஃபாரஸ்ட்டுக்கு வந்தபோது, அவர் மனசு நோகிற மாதிரி எதையாவது செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தார்களாம். 2023-ல், 89 வயதில், அந்த ஊரிலேயே காலமானார்.