சதுரங்கப் பலகையும் சட்ட அறிஞர்களும்

வயது முதிர்ந்த ஒருவர் விளையாட்டில் ஈடுபடுவதை நம் சமுதாயம் பெரும்பாலும் இரு விதமாகவே நோக்கி வருகிறது. ஒரு சாரார் அதனை முற்றிலும் வீண் என்று ஒதுக்கிவிடுகின்றனர். மறு சாரார், காலம் மாறிவிட்டது என்று கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றனர். கணினியிலும் கைப்பேசியிலும் வீடியோ கேம் ஆடும் முப்பது, நாற்பது வயதினர் இன்று நம் இல்லங்களிலேயே இருக்கின்றனர். பலகை விளையாட்டுகளைத் தேடிச் சேகரித்து, விடுமுறை நாள்களில் நண்பர்களுடன் கூடி ஆடுவோரும் உளர். இவர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘கூடுமா, கூடாதா?’ என்னும் ஒற்றை வினாவும் அதற்கோர் ஒற்றைச் சொல் விடையுமே நம்மிடம் எஞ்சியுள்ளன.

நம் முன்னோர் இவ்வாறு ஒற்றைச் சொல்லில் விடை பகர்ந்து அமைந்தாரல்லர். அவர்கள் காலத்திலும் பெரியோர் ஆடும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் மேதைகள் தோன்றினர், நூல்கள் எழுந்தன, சட்ட அறிஞர்களிடையே நெடிய விவாதமும் நிகழ்ந்தது. ஷத்ரஞ்ச் எனப்படும் சதுரங்கமே அவ்விளையாட்டு. அதன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இந்தியாவிலிருந்து பக்தாத் வரை

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பதே அப்பெயர். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் அது பாரசீகத்தை அடைந்து ‘சத்ரங்’ எனப் பெயர் பெற்றது. இந்திய மன்னர் ஒருவர் அதனைப் புதிராக அனுப்பியதாகவும், பாரசீக அமைச்சர் புஸுர்க்மிஹ்ர் அப்புதிரை விடுவித்து, மறுமொழியாக நர்து என்னும் பகடை ஆட்டத்தைப் படைத்து அனுப்பியதாகவும் பஹ்லவி மொழிக் கதை ஒன்று உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபின் அது அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. பின்னர் ஸ்பெயின் வழியாகவும் பிற வழிகளிலும் ஐரோப்பாவை அடைந்தது. ‘செக்மேட்’ என்னும் சொல்லில் ‘ஷாஹ் மாத்’ என்பதும், ஸ்பானிய மொழியின் ‘அல்ஃபில்’ என்பதில் யானையைக் குறிக்கும் ‘அல்ஃபீல்’ என்பதும் இன்றளவும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

அக்கால ஆட்டம் இன்றையதினும் மெதுவானது. இன்று ராணி நிற்கும் இடத்தில் நின்ற ஃபிர்ஸான் என்னும் அமைச்சர், குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகர்வார். ஃபீல் குறுக்காக இரண்டாம் கட்டத்திற்குத் தாவும். எதிரியின் அரசனைத் தவிர ஏனைய காய்களையெல்லாம் வெட்டிவிட்டாலும் வெற்றியே.

ஆட்டம் கலையான காலம்

அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில் ஷத்ரஞ்ச் ஓர் அறிவுத் துறையாகவே வளர்ந்தது. கலீஃபா அல்முதவக்கிலின் காலத்தில் (கி.பி. 847-861) அல்அத்லீ என்பவர் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கினார். அவரைக் கலீஃபாவின் முன்னிலையிலேயே அர்ராஸீ என்பவர் வென்றார். இருவருமே ஷத்ரஞ்ச் பற்றி நூல் எழுதியவர்கள். ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்து, உயர்ந்தவர் தாழ்ந்தவருக்கு எந்தக் காயை விட்டுக்கொடுத்து ஆடவேண்டும் என்றுகூட அக்கால நூல்கள் வரையறுத்தன. தொடக்க அணிவகுப்பு ‘தஅபிய்யா’ எனவும், விடுவிப்பதற்கென அமைக்கப்பட்ட புதிர்நிலை ‘மன்ஸூபா’ எனவும் கலைச்சொற்கள் பிறந்தன.

ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) இப்னுன் நதீம் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியல், ஷத்ரஞ்ச் ஆசிரியர்களையும் அவர்தம் நூல்களையும் பதிவு செய்கிறது. தஃப்ஸீருக்கும் ஃபிக்ஹுக்கும் இலக்கணத்திற்கும் இடமளித்த அதே பட்டியல்தான் இவ்வாட்டத்தின் நூல்களுக்கும் இடமளித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதீ (வஃபாத் ஹி. 345) தம் ‘முரூஜுத் தஹப்’ நூலில் ஒரு நுட்பமான கருத்தை எடுத்துரைக்கிறார். ஷத்ரஞ்சைப் படைத்தவர் மனிதனுக்குச் செயலாற்றல் உண்டு என்னும் கொள்கையினர் என்றும், நர்தைப் படைத்தவர் எல்லாம் விதியின் வயம் என்னும் கொள்கையினர் என்றும் கலாம் அறிஞர் சிலர் கூறினராம். ஒரு பலகையில் ஆடுபவரின் சிந்தனை முடிவு செய்கிறது. மற்றொன்றில் பகடை முடிவு செய்கிறது. இவ்வேறுபாடு பின்னர்ச் சட்ட நூல்களிலும் இடம்பெறுவதை மேலே காண்போம்.

அபூபக்ர் அஸ்ஸூலீ

இக்கலையின் சிகரமாகத் திகழ்ந்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலீ. கலீஃபா அல்முக்தஃபீயின் (கி.பி. 902-908) அவையில் அல்மாவர்தீ என்னும் ஆட்டக்காரர் செல்வாக்குடன் இருந்தார். (‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ ஆசிரியரான இமாம் மாவர்தீ இவருக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர்.) இருவரும் மோதியபோது கலீஃபா வெளிப்படையாகவே அல்மாவர்தீயின் பக்கம் நின்றார். ஆயினும் ஸூலீயின் வெற்றி ஐயத்திற்கு இடமின்றி அமையவே, கலீஃபாவின் ஆதரவு அவர்பால் திரும்பியது.

ஸூலீ வெறும் ஆட்டக்காரர் அல்லர். அப்பாஸியர் வரலாற்றையும் கவிஞர்களையும் பற்றிய ‘கிதாபுல் அவ்ராக்’, எழுத்தர்களுக்கான ‘அதபுல் குத்தாப்’, கவிஞர் அபூதம்மாமின் வரலாறு ஆகியன அவருடைய நூல்கள். பின்னாளில் கலீஃபாவான அர்ராளீ அவருடைய மாணவர். அழகிய தோட்டம் ஒன்றில் உலவிய அர்ராளீ, உடனிருந்தோர் அதனைப் புகழக் கேட்டு, ஸூலீயின் ஆட்டம் இதனினும் அழகியது என்றாராம்.

அவர் அமைத்த புதிர்நிலை ஒன்று இன்றும் ‘ஸூலீயின் வைரம்’ எனப் புகழ்பெற்றுள்ளது. பலகையில் இரு அரசர்கள், இரு அமைச்சர்கள். ஆக நான்கே காய்கள். தாம் கற்றுக்கொடுத்தாலன்றி எவராலும் இதனை விடுவிக்க இயலாது என்னும் கருத்துப்பட அவர் எழுதிவைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது விடைகாணப்படாமலே இருந்தது. 1980களில் ரஷ்ய கிராண்ட் மாஸ்டர் யூரி அவெர்பாக்தான் அதன் விடையை வெளியிட்டார்.

அவருடைய இறுதிக்காலம் துயரமானது. அர்ராளீ கி.பி. 940இல் மறைந்தபின் ஆதரவிழந்து, வறுமையால் பக்தாதை விட்டு நீங்கினார். அலீ (ரலி) அவர்கள் தொடர்பான ஒரு செய்தியை அறிவித்ததற்காகப் பகைக்கு ஆளாகி, பஸராவில் தலைமறைவாக இருந்த நிலையில் இறந்தார் என இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஷத்ரஞ்சைக் கண்டுபிடித்தவரே ஸூலீதான் என மக்கள் எண்ணும் அளவுக்கு அவர் பெயர் அவ்வாட்டத்துடன் பிணைந்துவிட்டது என்றும், அது தவறு என்றும் அவரே குறிப்பிடுகிறார். வரலாற்றாசிரியராகவும் இலக்கிய ஆய்வாளராகவும் அவர் ஆற்றிய பெரும்பணி ஆட்டத்தின் புகழில் மங்கிப்போனது.

ஃபிக்ஹின் அளவுகோல்கள்

இனி, சட்ட அறிஞர்கள் இதனை எவ்வாறு அணுகினர் என்பதைப் பார்ப்போம். நர்து பற்றித் தெளிவான ஹதீஸ் உண்டு. அதனை ஆடுபவர் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் கையைத் தோய்த்தவர் போன்றவர் என்னும் கருத்திலமைந்த நபிமொழி, புரைதா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஷத்ரஞ்சோ நபி (ஸல்) அவர்களின் காலத்திற்குப் பின்னரே அரபியரிடையே பரவியது. எனவே அறிஞர்கள் ஸஹாபாக்கள், தாபியீன்களின் கூற்றுகளையும் கியாஸையும் கொண்டே முடிவு காண வேண்டியிருந்தது. ஷத்ரஞ்ச் ஆடியோரை அலீ (ரலி) அவர்கள் கண்டித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. மறுபுறம், தாபியீன்களில் மேதையான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டியவாறே ஆடினார் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கூறியதை இமாம் பைஹகீ பதிவு செய்கிறார்.

ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் கடுமையான நிலையையே மேற்கொண்டனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் ‘அல்உம்மு’ நூலில், ஷத்ரஞ்ச் ஆடுவதைத் தாம் விரும்பவில்லை என்றும், ஆயினும் அது நர்தைவிட இலேசானது என்றும் கூறுகிறார்கள். இதன் வழிவந்ததே ஷாஃபிஈ மத்ஹபின் ‘மக்ரூஹ்’ என்னும் தீர்ப்பு. மக்ரூஹ் என்பது ஊக்குவிப்பு அன்று, தடையும் அன்று.

தமிழகக் கடற்கரை முஸ்லிம்களுக்கு இவ்விவாதம் அயலானதன்று. ஷைகு ஸைனுத்தீன் மலைபாரீ (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுல் முஈன்’, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கேரள, தமிழக மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் நூல். அதில் சாட்சியம் பற்றிய பாடத்தில் ஷத்ரஞ்சின் சட்டம் வருகிறது. பந்தயப் பணம் வைத்தல், ஆட்டத்தில் மூழ்கித் தொழுகையைத் தவறவிடுதல், ஷத்ரஞ்ச் ஹராம் என நம்பும் ஒருவருடன் ஆடுதல் ஆகிய மூன்றில் ஒன்று சேர்ந்தாலும் அது ஹராமாகிவிடும். மறதியால் தொழுகை தவறினும் விலக்கில்லை. எப்போதும் அதிலேயே கிடப்பவரின் கண்ணியம் வீழ்ந்து, அவருடைய சாட்சியம் நிராகரிக்கப்படும். ஏனைய மூன்று இமாம்களிடம் அது முற்றிலும் ஹராம் என்பதையும் ஆசிரியர் மறைக்காது எழுதுகிறார்.

இவற்றுள் மூன்றாம் நிபந்தனை சிந்தனைக்குரியது. தனக்கு ஆகும் ஒன்றை, ஆகாதென நம்பும் சகோதரரின் மனசாட்சிக்கு எதிராக அவர்மீது சுமத்தலாகாது. ஒருவரோடொருவர் மாறுபட்ட மத்ஹபினர் எப்படிக் கூடி வாழ்வது என்பதற்கு ஒரு விளையாட்டின் சட்டத்திலேயே வழிகாட்டி வைத்துள்ளனர்.

மலைபாரீயின் ஆசிரியரான இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ், வஃபாத் ஹி. 974) இதற்கு ஒரு பொது விதியையும் விளக்கினார். கணக்கையும் சிந்தனையையும் சார்ந்த ஆட்டங்கள் ஷத்ரஞ்சின் வகையைச் சேரும்; ஊகத்தையும் தற்செயலையும் சார்ந்தவை நர்தின் வகையைச் சேரும். புதிய ஆட்டங்கள் தோன்றியபோது அவற்றின் பெயரைக் கேட்டு அவர்கள் முடிவு செய்யவில்லை. அவை எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராய்ந்தனர்.

இன்றைய நிலை

இந்த நுட்பம் குறைந்தபோது முடிவுகள் ஊசலாடின. ஈரானில் 1979 புரட்சிக்குப்பின் தடைசெய்யப்பட்ட சதுரங்கத்தை 1988இல் ஆயத்துல்லாஹ் குமைனீ பந்தயமின்றி ஆட அனுமதித்தார். ஸவூதியின் தலைமை முஃப்தி அதனைக் கண்டித்த பேச்சு 2016இல் பரவியது. மறு ஆண்டே ரியாத் நகரில் உலகப் போட்டி நடந்தது. 2025 மே மாதம் ஆஃப்கானிஸ்தானில் சூதாட்ட ஐயத்தைக் காட்டிச் சதுரங்கம் நிறுத்திவைக்கப்பட்டது.

வீடியோ கேம்களுக்கு இவ்வளவுகோல்களைப் பொருத்திப் பார்க்கலாம். திட்டமிட்டு, சிந்தித்து ஆடும் ஆட்டம் ஒன்று. பணம் செலுத்தித் திறந்தால் உள்ளே என்ன கிட்டும் என்று அறியமுடியாத ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகளால் ஆசையைத் தூண்டும் ஆட்டம் மற்றொன்று. 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் ஆய்வு செய்து, அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என அறிவித்தது. இரண்டையும் ‘கேம்’ என்ற ஒரே பெயரால் அழைப்பதனாலேயே அவை ஒன்றாகிவிடா. ஆட்டத்தின் உள்ளடக்கம் மார்க்கத்திற்கு முரணானதா என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

உழைத்துக் களைத்த ஒரு மகன் இரவில் சிறிது நேரம் விளையாடினால், ‘இந்த வயதிலா?’ என்று கேட்பதைவிட, அதில் பணம் போகிறதா, தொழுகை தவறுகிறதா, மனைவி மக்களின் உரிமை பறிபோகிறதா என்று கேட்பதே நம் நூல்கள் காட்டும் வழிக்கு நெருக்கமானது. மூன்றுக்கும் ‘இல்லை’ என்று அவரால் விடைகூற முடியுமாயின், நாம் அவரைப் பாவியெனத் தூற்றவேண்டியதில்லை. முடியாதாயின், அதனை எடுத்துக்கூற நமக்கும், திருத்திக்கொள்ள அவருக்கும் தெளிவானதொரு காரணம் கிடைத்துவிடும். மஸ்ஜிதுகளிலும் மத்ரஸாக்களிலும் இப்பாடங்களை நடத்துவோர், ஷத்ரஞ்ச் என்னும் சொல் வரும் அப்பக்கத்தை விரைந்து கடந்து செல்லாமல், இளைஞர்களின் கைகளிலுள்ள ஆட்டங்களையும் அறிந்து விளக்குவார்களாயின் அது பெரும்பயன் விளைக்கும்.