வீட்டு விளையாட்டும் எண்ணறிவும்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் விளையாட்டு முறைக் கல்வியைப் பற்றி நாங்கள் பாடம் படித்ததுண்டு. தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும், வகுப்பறையில் ஒரு சிறுவனின் சட்டைப் பையில் புளியங்கொட்டை குலுங்கினால், அதைப் பறித்துச் சன்னலுக்கு வெளியே வீசியவனும் நானே. அது பிழை என்று எனக்கு உணர்த்தியவள் என் ஐந்து வயதுப் பேத்தி. அதைச் சொல்லுமுன், வீட்டில் குழந்தைகள் விளையாடிக் கற்ற வரலாற்றைச் சிறிது காண்போம்.

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், வையைக் கரையை அடுத்து உள்ளது கீழடி. 2015இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்நகரில் செங்கற் சுவர்களும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு, உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. 2022இல் தந்தத்தால் செய்த பகடை ஒன்றும் கிடைத்தது. 2023 மார்ச்சில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள், பொன்னணிகளைப் பார்ப்பதோடு நில்லாமல் இச்சில்லுகளின் முன்னும் சற்று நிற்க வேண்டும். பாண்டியாடும் சிறுமியர் நம் தெருக்களில் தேய்த்த சில்லுக்கும் அச்சில்லுக்கும் வேற்றுமை காண்பது அரிது.

தெருவில் பாண்டி என்றால், திண்ணையில் பல்லாங்குழி. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காயென வைத்தால் எழுபது காய்கள். புளியங்கொட்டையோ சோழியோ எதுவாயினும் போதும். ஒரு குழியின் காய்களை அள்ளிக் குழிக்கு ஒன்றாக இட்டுச் சென்று, முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளி மீண்டும் இட வேண்டும். அடுத்த குழி வெறுமையானால், அதற்கப்பால் உள்ள காய்கள் ஆடுபவருக்கு உரியன. இரு குழிகள் அடுத்தடுத்து வெறுமையானால் ஒன்றும் கிடையாது. இடையில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார்.

இதில் கணக்கு எங்கே என்று கேட்கிறீர்களா? குழியைப் பார்த்த அளவில் காய் எத்தனை என்று மதிப்பது முதற் கணக்கு. ஒன்பது காயை அள்ளினால் எந்தக் குழியில் போய் முடியும் என்று முன்கூட்டி அறிவது இரண்டாவது. பதினேழு காய் இருந்தால் ஒரு சுற்று முடிந்து மூன்று மிகும் என்று தெரிவது, வகுத்தலும் மீதியும் அன்றோ? எழுத்தறியாத பாட்டியும் பள்ளி செல்லாத பேத்தியும் எதிரெதிரே அமர்ந்து இக்கணக்கைப் போட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலும் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் இதன் இனமான ஆட்டங்கள் உண்டு.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் இல்லங்களில் ஆடிய பரமபதமும் அத்தகையதே. ஏணி நிற்கும் கட்டத்துக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று குழந்தை எண்ணும்போது, அது கழித்தலைச் செய்கிறது. இவ்வகை இந்திய ஆட்டம் 1890களில் இங்கிலாந்தில் அச்சேறியது. 1943இல் அமெரிக்காவில் வேறு பெயரில் வெளிவந்தது.

மேனாட்டில் விளையாட்டைக் கல்விக் கருவியாக ஆராய்ந்தோருள் ஜெர்மானியர் புரோபெல் முன்னோடி. 1837இல் அவர் தொடங்கிய நிலையமே பின்னர்க் கிண்டர்கார்டன் ஆயிற்று. அடுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907இல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்கு இல்லம் திறந்த அவர், 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரினால் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அக்காலத்தில் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தவறு செய்தால் அத்தவற்றைக் கருவியே குழந்தைக்குக் காட்டிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பல்லாங்குழி அதைத்தானே செய்தது? தப்பாக எண்ணியவன் வெறுங்குழியில் போய் நின்றான். யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

பின்னர்க் கணினி வந்தது. 1967இல் அமெரிக்காவில் சிமூர் பாப்பர்ட்டும் அவர் தோழர்களும் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்னும் கணினி மொழியை ஆக்கினர். ஆமை ஒன்றுக்குக் கட்டளையிட்டுக் கோடு வரையலாம். கட்டளை பிழைத்தால் கோடும் கோணும். குழந்தை அதைக் கண்டு திருத்தும். 1971இல் மினியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி மாணவர் மூவர் 'ஆரிகன் டிரெயில்' என்னும் வரலாற்று விளையாட்டைச் செய்தனர். அதற்குத் திரையே இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற ஒன்றே இருந்தது. அதனைச் சுற்றி நின்ற சிறுவர் தம்முள் வாதிட்டே ஒவ்வொரு முடிவையும் எடுத்தனர். நம் நாட்டில் 1984இல் 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் வாயிலாகத் தெரிந்தெடுத்த பள்ளிகளுக்குக் கணினி வந்தது. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தது கைபேசியே.

இனி என் பேத்தியின் கதை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றன. என் மகன் தன் கைபேசியில் எண் கற்பிக்கும் வீடியோ விளையாட்டு ஒன்றை அவளுக்கு ஏற்றிக்கொடுத்தான். மரத்தில் மாங்கனிகள் தோன்றும். மூன்று எண்களுள் சரியானதைத் தொட்டால் கைதட்டலும் நட்சத்திரமும் வரும். தவறினால் படம் சற்றே அசையும். நாள்தோறும் அவள் பத்து நட்சத்திரம் பெற்றாள். வீடே மகிழ்ந்தது.

ஒருநாள் எட்டுப் புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து, "எத்தனை அம்மா?" என்றேன். "அஞ்சு" என்றாள். நான் பேசாதிருந்தேன். "ஏழு" என்றாள். பிறகு "எட்டு" என்றாள். என் முகம் மலர்ந்ததும் அவளே கைதட்டிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கொட்டைகளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்! படம் அசைந்தால் அடுத்த எண்ணைத் தொடலாம் என்பதே திரையிடம் அவள் கற்ற பாடம்.

கைபேசியின் மேல் சினம் வந்தது. அச்சினம் நெடுநேரம் நிற்கவில்லை. என் வகுப்பில் வாய்பாடு ஒப்பித்த பிள்ளைகளும் என் முகத்தையும் கைப்பிரம்பையும் பார்த்தே விடை சொன்னார்கள் அல்லவா? மதிப்பெண்ணைக் கண்டு நானும் மகிழ்ந்தேன் அல்லவா?

பரணிலிருந்து என் தாயாரின் பல்லாங்குழியை இறக்கினேன். மூன்று நாள் பேத்தி தோற்றாள். ஒருமுறை அழவும் செய்தாள். நான்காம் நாள், காயை அள்ளுமுன் விரலால் குழிகளைத் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தா ஒண்ணும் கிடைக்காது தாத்தா, அடுத்ததை எடுக்கிறேன்" என்றாள். அவள் பார்வை என் முகத்தில் இல்லை. குழிகளின் மேல் இருந்தது.

இதனால் வீடியோ விளையாட்டு தீது என்று நான் கூறவில்லை. எழுத்தின் ஒலியைச் சலிக்காமல் நூறுமுறை சொல்லிக்காட்ட வல்லது அது. பெற்றோர் படித்திராத வீட்டில் அது பெருந்துணை. அளவு மட்டும் வேண்டும்: இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அளவினும் முதன்மையானது தன்மை. பிழை செய்தவுடன் குழந்தை அதைக் கண்டு, ஏன் பிழைத்தோம் என்று எண்ணுகிறதா? எண்ணியதைச் சொல்ல எதிரே ஒருவர் இருக்கிறாரா? இவ்விரண்டும் இருந்தால் திரையும் கற்பிக்கும். இல்லையேல் புளியங்கொட்டையும் கற்பிக்காது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், மாலை வேளையில் தன்னார்வலர்கள் குழந்தைகளின் வீட்டருகே சென்று பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தார்கள். குழந்தைக்கு எதிரே ஒரு மனிதர் வந்து அமர்ந்ததே அதன் சிறப்பு.

உங்களுள் சிலர் நாளை இவ்விளையாட்டுகளைச் செய்யும் பொறியாளர் ஆவீர்கள். நட்சத்திரத்தை எளிதில் கொடுக்காதீர்கள் என்பது அவர்களுக்கு என் விண்ணப்பம். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் தம்பியோ தங்கையோ கைபேசியோடு தனித்து அமர்ந்திருந்தால், அருகே சென்று அமருங்கள், "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். அந்தப் பொறுமையை நான் கற்றது பணி ஓய்வுக்குப் பின்னர். நீங்கள் இன்றே கற்கலாம்.